கச்சான் காத்தில போன் சார்ஜ் ஏறுமா?

சின்னக் காற்றாலை ஒண்டு வாங்குவோமா எண்ட பேச்சு எங்கட கூட்டத்துக்குள்ள திரும்பவும் வந்திருக்கு. மூணு சிறகு, ஒரு மீற்றருக்குக் கொஞ்சம் கூடின விட்டம், பெட்டியில பெரிய எழுத்தில "400 வாட்". வேனுக்கு மேல ஒரு கம்பம், கம்பத்து நுனியில காத்தாடி, கீழ ஒரு பெற்றரி. உல்லைக்கோ பாணமைக்கோ போய் ரெண்டு மூணு இரவு கூடாரம் அடிச்சுத் தங்கிற ஆக்களுக்கு இனிக் கரண்டைப் பற்றின கவலையே இல்ல எண்டு வீடியோக்கள் சொல்லுது. கல்முனையில இருந்து உகந்தை வரைக்கும் ஓடுற இந்தக் கடற்கரையில காத்துக்கு என்ன குறை, நாமதான் அதை வீணாக்குறோம் எண்டு ஒரு பகுதி வாதம் பண்ணுது. சல்லி சேர்க்கவும் தொடங்கியாச்சு.

வாங்க வேணாம் எண்டுதான் நாங்க சொல்றோம். காத்தால கரண்ட் வராது எண்டதுக்காக இல்ல. காத்து எங்க, எப்ப, எவ்வளவு வீசுது எண்டு பார்க்காம பெட்டியில இருக்கிற எண்ணை மட்டும் பார்த்து வாங்கப் போறோம் எண்டதுக்காகத்தான்.

முதல்ல அந்த 400 வாட்டைப் பாப்போம். இப்படியான இயந்திரங்கள் பெரும்பாலும் செக்கனுக்கு 12.5 மீற்றர் வேகக் காத்தில்தான் அந்த அளவைத் தரும். அது மணிக்கு 45 கிலோமீற்றர். அந்த வேகத்தில காத்து அடிச்சா கூடாரம் நிக்காது, அடுப்பு எரியாது, கடலுக்குப் போற ஆக்களும் ஒருக்கா யோசிப்பாங்க. காத்தின் சக்தி அதன்ட வேகத்தின் மும்மடிக்கு ஏத்தமாதிரிக் கூடும், குறையும். வேகம் பாதியானா சக்தி பாதியாகாது, எட்டில் ஒரு பங்காகும். காத்து 6 மீற்றருக்கு இறங்கினா 400 வாட் 50 வாட்டுக்குப் பக்கத்தில வந்துடும். 3 மீற்றருக்கு இறங்கினா கணக்குப்படி 6 வாட். உண்மையில அந்த இடத்தில பல காத்தாடிகள் சுத்தவே தொடங்காது. சுத்தினாலும் பெற்றரியின்ட வோல்ற்றேஜைத் தாண்டிற அளவுக்கு வராது. சுத்துறதைக் கண்ணால பார்க்கலாம், கரண்டைக் காணேலாது. பாக்கிறவனுக்கு என்னவோ "ஓடுது மச்சான்" எண்டுதான் தோணும்.

மீற்றர், செக்கன் எண்டா ஒரு பிடியும் கிடைக்காது எண்டு சொல்றவங்க கொடியைப் பாருங்க. கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளியில கொடியேத்தம் நடக்கிற நாட்கள்ல கடலோரம் நிண்டு பார்த்த எல்லாருக்கும் இது விளங்கும். கொடி தொங்கித் தொங்கி அசைஞ்சா காத்து 3 மீற்றருக்கும் கீழ. சின்னக் கொடி விரிஞ்சு நிண்டு, இலையெல்லாம் நிக்காம ஆடினா 4, 5. நிலத்தில கிடக்கிற கடதாசியும் புழுதியும் எழும்பிப் பறந்தா 6, 7. சின்ன மரங்கள் முழுசா ஆடினா 8க்கு மேல. இதுக்கு ஒரு மீற்றரும் தேவையில்ல, பியூஃபோர்ட் அளவுகோல் எண்டு கப்பல்காரர்கள் இருநூறு வருசமாப் பாவிக்கிறது இப்படியான கண்மதிப்பைத்தான். இனி யோசிங்க: நாம தங்கப் போற நாட்கள்ல எத்தனை மணித்தியாலம் புழுதி பறக்கிற காத்து?

"ஏன், கச்சான் வீசாதா?" எண்டு கேப்பீங்க. வீசும். மே மாசத்தில இருந்து செப்டெம்பர் வரைக்கும் தென்மேற்கில இருந்து வந்து, மலைநாட்டுக்கு அங்கால மழையைக் கொட்டிட்டு, ஈரமில்லாமக் காய்ஞ்சு எங்கட பக்கம் இறங்கிற காத்து அது. தொண்டை வரளும், வயல் வரப்பு வெடிக்கும், உடுப்பு அரை மணித்தியாலத்தில காயும். ஆனா கரையில நிக்கிற வேனுக்கு அது தரையைத் தாண்டி, ஊரையும் தென்னந்தோப்பையும் தாண்டி வாற காத்து. வீட்டுக் கூரை, மரம், மதில் எல்லாத்திலயும் அடிபட்டுச் சுழண்டு சுழண்டு வரும். காத்தாடி அங்கால திரும்பும், இங்கால திரும்பும், திரும்பிக் கொண்டே இருக்கும். இப்படிச் சுழல்ற காத்தில அது கரண்ட் தாறது குறைவு, பெயரிங் தேயிறதுதான் கூட. காத்தாடி நிறுத்துறதுக்கு ஒரு பழைய விதி இருக்கு: சுத்துவட்டாரத்தில நூறு மீற்றருக்குள்ள இருக்கிற எந்த மரத்தையும் கட்டடத்தையும் விட 30 அடியாவது உயரமா நிக்கணும். வேன் கூரையில கட்டின ரெண்டு மீற்றர்க் கம்பத்தை வச்சுக் கொண்டு தென்னை மரத்தோட போட்டி போடேலுமா?

உயரம் இல்லாட்டி வேகமும் இல்ல. திறந்த வெளியில கூட 10 மீற்றர் உயரத்தில இருக்கிற காத்து 2.5 மீற்றர் உயரத்துக்கு வரக்குள்ள கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு வேகத்தை இழந்துடும். மும்மடிக் கணக்கில பார்த்தா சக்தியில பாதி போயிட்டுது. இதிலதான் இன்னொரு வேடிக்கை இருக்கு. தங்க இடம் தேடுறவன் என்ன செய்வான்? சவுக்கு மரத்துக்குப் பின்னால, மணல் திட்டிக்கு இந்தப் பக்கம், காத்து படாத இடமாத்தான் பாப்பான். கூடாரம் கேக்கிற இடமும் காத்தாடி கேக்கிற இடமும் ஒண்டுக்கொண்டு எதிரி. சோறு ஆக்கிற இடத்தில மண் பறக்காம இருக்கணும் எண்டா போன் சார்ஜ் ஏறாது.

இரவில சூரியன் இல்ல, காத்து இருக்கே, அதுதானே இதன்ட லாபம் எண்டு ஒரு வாதம். கேக்க நல்லா இருக்கு. அறுகம்பையில சர்ஃப் அடிக்கிற பொடியன்மாரைக் கேட்டுப் பாருங்க, ஏன் விடியக் காலையில கடலுக்கு ஓடுறீங்க எண்டு. விடியல்ல கடல் கண்ணாடி மாதிரிக் கிடக்கும், பத்துப் பதினொரு மணிக்குப் பிறகு காத்து எழும்பி அலையைக் குழப்பிடும். வெயில் ஏறித் தரை சூடானாத்தான் கடக்காத்து எழும்பும், பொழுது பட்ட பிறகு பெரும்பாலும் அடங்கும். அதாவது எங்கட கரையில, தங்கப் போற பருவத்தில, காத்து உச்சத்தில இருக்கிற நேரமும் வெயில் உச்சத்தில இருக்கிற நேரமும் பெரும்பாலும் ஒண்டுதான். வெயில் எரிக்கிற நேரத்தில ஒரு 100 வாட் பனல் சத்தமே இல்லாம செய்யிற வேலையை, கூரையை அதிர வச்சுக் கொண்டு ஒரு காத்தாடி ஏன் செய்யணும்?

கணக்கைப் போட்டே பாப்போம். அஞ்சு பேர் ஒரு வேனில போறோம். ஒரு போனை முழுசா ஏத்த ஏறக்குறைய 20 வாட்-மணி, அஞ்சு போனுக்கு 100. எல்ஈடி வெளக்கு 10 வாட், அஞ்சு மணித்தியாலம், அது 50. சின்ன 12 வோல்ற் ஃபேன் 15 வாட், எட்டு மணித்தியாலம் ஓடினா 120. மொத்தம் 270. கச்சான் காலத்து வெயில்ல ஒரு 100 வாட் பனல் நாளுக்கு 350 தொடக்கம் 400 வரைக்கும் தரும். சூட்டில கொஞ்சம் குறையுறதையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. அதே நாள்ல 1.2 மீற்றர் விட்டக் காத்தாடி, 4 மீற்றர் காத்து பத்து மணித்தியாலம் விடாம வீசினாலும், 100 வாட்-மணியைத் தொடுறதே பாடு. வெலையைப் பார்த்தா காத்தாடி, கம்பம், கட்டுப்பாட்டுப் பெட்டி, கப்பல் செலவு, சுங்கம் எல்லாம் சேர்ந்து பனலைப் போலப் பல மடங்கு.

இடையில ஒரு தம்பி கேட்ட கேள்விக்கும் பதில் சொல்லிடுவோம், ஏனெண்டா இதைப் பலர் மனசுக்குள்ள வச்சிருக்காங்க. வேன் ஓடக்குள்ள காத்து பலமா அடிக்குதே, அப்ப காத்தாடியை விரிச்சு விட்டா சும்மா கரண்ட் வருமே? சும்மா வராது. காத்தாடி காத்தைப் பிடிச்சு இழுக்கும், அந்த இழுவையை எஞ்சின் தள்ளணும், எஞ்சினுக்கு டீசல் வேணும். எஞ்சினோட ஏற்கெனவே ஒரு ஒல்ரனேற்றர் பூட்டிக் கிடக்கு. கரண்ட் வேணுமெண்டா அதில இருந்து ரெண்டாவது பெற்றரிக்கு ஒரு வயரும், ஃபியூசும், நடுவில ஒரு டீசி சார்ஜரும் போட்டா கல்முனையில இருந்து பொத்துவில் போய்ச் சேரக்குள்ளேயே கணிசமா ஏறியிருக்கும். நல்ல ஒட்டோ எலெக்ட்ரிஷியன் ஒருத்தருக்கு அரை நாள் வேலை.

இன்னொண்டு, பனலைப் போலக் காத்தாடியைக் கழட்டி விடேலாது. பெற்றரி நிறைஞ்சா பனல் பேசாமக் கிடக்கும். காத்தாடியில இருந்து சுமையை எடுத்தா அது கட்டறுந்த மாடு மாதிரி வேகம் பிடிக்கும். அதுக்காகத்தான் மிச்சக் கரண்டைச் சூடாக்கி எரிக்கிற ஒரு தடைச்சுருளும், வயர்களை ஒண்டாச் சேர்த்து நிறுத்துற பிரேக் சுவிச்சும் வேணும். லித்தியம் பெற்றரி தன்னைப் பாதுகாக்கத் திடீரெண்டு தொடர்பை வெட்டினா, அந்த வேளையில எழும்புற வோல்ற்றேஜ் கட்டுப்பாட்டுப் பெட்டியையே சுட்டுடும். இதெல்லாம் தெரிஞ்சவன் கையில சரி. ராவையில, மணல்ல, சின்னப் பிள்ளைகளும் நடமாடுற இடத்தில, தலைக்குக் கொஞ்சம் மேல நிமிசத்துக்கு நூற்றுக்கணக்கான தடவை சுத்துற சிறகு எங்களுக்குப் பயம். உப்புக்காத்து திருகாணியை என்ன செய்யும் எண்டு கடலோர வீட்டுக்காரருக்கு நாங்க சொல்லித் தரத் தேவையில்ல.

அப்ப இந்த இயந்திரம் எங்கேயும் உதவாதா? உதவும். பாய்க்கப்பல்ல உலகம் சுத்துறவங்க பல வருசமா இதை வச்சிருக்காங்க. நடுக்கடல்ல மரமில்ல, மதிலில்ல, காத்து நாள்கணக்கில ஒரே திசையில வரும். அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் விண்ட்பவர் நிறுவனம் செய்த "ஏர்" வகைக் காத்தாடிகளும் பிரித்தானியாவின் "ரட்லண்ட்" காத்தாடிகளும் பேர் எடுத்தது அங்கதான். படகுக்குப் பொருந்தின சாமானை வேனுக்கு மேல வச்சதுதான் பிழை.

எங்கட நாட்டிலயும் இதுக்கு ஒரு கதை இருக்கு, பலருக்குத் தெரியாது. மின்கம்பி போகாத கிராமங்கள்ல ரேடியோ கேக்கவும் டீவி பாக்கவும் கார் பெற்றரியைச் சைக்கிள்ல கட்டி டவுனுக்குக் கொண்டு போய்ச் சார்ஜ் போட்டு வந்த காலம் ஒண்டு இருந்துது. வடக்கில யுத்த காலத்தில சைக்கிள் டைனமோவை மிதிச்சு ரேடியோச் செய்தி கேட்டவங்களும் இருக்காங்க. அந்தப் பெற்றரிகளைக் கிராமத்திலயே சார்ஜ் பண்ணுறதுக்காக, இப்ப பிரக்டிக்கல் அக்சன் எண்டு பேர் மாறியிருக்கிற ஐ.ரி.டீ.ஜி. அமைப்பு, இலங்கையிலயும் பெருவிலயும் சின்னக் காற்றாலை செய்யிற வேலையில இறங்கிச்சு. அதுக்கான மின்பிறப்பாக்கியை வடிவமைச்சு 2001இல் கையேடு எழுதினவர் ஹியூ பிகொட். ஸ்கொட்லாந்தில, மின்கம்பி போகாத ஸ்கோரெய்க் எண்ட கரையில இருந்து கொண்டு தன்ட கையாலேயே காத்தாடி செஞ்சு வாழ்ந்த ஆள். காந்தம், செப்புக்கம்பி, பிசின், சின்ன ஒரு பட்டறை. இவ்வளவும் இருந்தா ஊருக்குள்ளேயே செய்யலாம் எண்டதுதான் அந்தக் கையேட்டின்ட நோக்கம். பிறகு மின்கம்பி ஏறக்குறைய எல்லா வீட்டுக்கும் வந்துட்டுது, பனல் வெலையும் இறங்கிட்டுது, அந்தக் காத்தாடிகளுக்கு வேலை இல்லாமப் போச்சு. நாங்க கவனிக்கிறது ஒண்டைத்தான்: அவங்க அதைக் கொண்டு போய் வச்சது ஒரு இடத்தில நிலையா, உயரமான கம்பத்தில. ஊர் ஊராத் தூக்கிக் கொண்டு திரியேல்ல.

பெரிய காத்தாடிகளும் இதையேதான் சொல்லுது. மன்னாரில 2020இல் தொடங்கின தம்பபவனியில 30 காற்றாலைகள், மொத்தம் 103.5 மெகாவாட். ஒவ்வொண்டின்ட சுழல்வட்டமும் 126 மீற்றர். எங்கட 1.2 மீற்றர்க் காத்தாடியோட ஒப்பிட்டா அது அள்ளுற காத்தின்ட பரப்பு ஏறக்குறைய 11,000 மடங்கு, அதுவும் மரங்களுக்கெல்லாம் மேல, சுத்தமான காத்தில. (மன்னார் மக்களுக்கு அந்தத் திட்டங்கள்ல இருக்கிற எதிர்ப்பும், அதானி நிறுவனம் 2025 பெப்ரவரியில விலகினதும் வேற கதை. அதைத் தனியா எழுதணும்.)

இனி எங்களுக்கு உண்மையில முக்கியமான இடத்துக்கு வாறோம். எங்கட பக்கம் "கேம்ப்" எண்டா பழைய ஆக்களுக்கு ரெண்டு அர்த்தம்தான்: ஒண்டு ஆமிக் கேம்ப், மற்றது அகதி முகாம். சந்தோசத்துக்குக் கூடாரம் அடிக்கிறது எண்டது எங்கட தலைமுறைக்குத்தான் வந்துது. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது ஆக்கள் பள்ளிவாசல்லயும் பாடசாலையிலயும் தங்கின இரவுகள்ல, வெளக்கு இருந்த இடம் எது, இல்லாத இடம் எது எண்டு உம்மாமார் இன்னும் சொல்லுவாங்க. அதுக்கும் முந்தி, 1978 நவம்பர்ச் சூறாவளியைக் கண்ட மூத்தவங்க வேற சொல்லுவாங்க. எங்கட ஞாபகத்திலயே 2022 மார்ச் கடைசியில நாளுக்கு 13 மணித்தியாலக் கரண்ட் வெட்டு. அப்ப டீசலும் இல்ல, ஜெனரேற்றர் வச்சிருந்த வீடும் இருட்டுத்தான். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறையில ஒரு குரங்கு உப மின்நிலையத்துக்குள்ள புகுந்ததில முழு நாடும் அணைஞ்சுது. வருசா வருசம் மாரியில வெள்ளம் வந்து வழி அடைபடுற ஊர்கள் இஞ்ச எத்தனை.

பெற்றரியைக் கரண்ட் இல்லாமச் சார்ஜ் பண்ணுறது எண்டது எங்களுக்கு உல்லைக்குப் போற ரெண்டு நாள் விசயம் மட்டும் இல்ல எண்டு இதுக்காகத்தான் சொல்றோம். கூட்டாச் சல்லி போட்டு ஒரு சாமான் வாங்கினா அது சுற்றுலாவுக்கும் உதவணும், வெள்ள நாளைக்கும் உதவணும்.

காத்தாடிப் பக்கம் நிக்கிறவங்களுக்கு நியாயம் கிடைக்கிற இடமும் இதுதான். அதை மறைக்கேல்ல நாங்க. மாரியில, நவம்பர் டிசம்பர் இருட்டில, பனல் தன்ட கால்வாசியைத் தந்தாலே பெரிசு. அதே நாட்கள்ல வாடை கடல்ல இருந்து நேரா வருது, இடையில மரமுமில்ல வீடுமில்ல. வெயில் கைவிடுற நேரத்தில காத்து கை குடுக்கும். ஆனா அதுக்குத் தேவை வேனுக்கு மேல கட்டுற காத்தாடி இல்ல. கடலைப் பார்த்த ஒரு கட்டடம், 10 மீற்றர் இரும்புக் கம்பம், நாலு பக்கமும் இழுவைக் கம்பி, இடிதாங்கி, அதைப் பராமரிக்க ஒரு ஆள். அல்லது வட்டைக்குள்ள, சுத்திவர வெறும் வயலா இருக்கிற ஒரு வாடி. அப்படியான இடத்தில, பனலோட சேர்த்து, சின்னக் காத்தாடி ஒண்டு பெறுமதியா இருக்கலாம். தங்கப் போற பருவத்துக்கெண்டு விக்கிற சாமான் எங்களுக்கு உதவக்கூடியது, நாங்க தங்கப் போகாத பருவத்தில.

அதனால சேர்ந்திருக்கிற சல்லிக்கு எங்கட முன்மொழிவு: மடிக்கக்கூடிய 100 வாட் பனல் ரெண்டு, 12 வோல்ற் 50 அம்பியர்-மணி லித்தியம் அயன் பொஸ்பேற் பெற்றரி ஒண்டு, எம்பிபிரீ கட்டுப்பாட்டுப் பெட்டி, யூஎஸ்பி வாய்கள் உள்ள ஒரு பலகை, ஒவ்வொரு வயருக்கும் ஃபியூஸ். அந்தப் பெற்றரி ஒரு இரவுக் கணக்கை ரெண்டு தடவை தாங்கும். பழைய கார் பெற்றரி கிடக்கு, அதைப் போட்டா என்ன எண்டு கேக்கிறவங்களுக்கு: அது எஞ்சினை ஸ்ராட் பண்ணச் செஞ்சது, அடிமட்டும் இறக்கினா சில மாசத்திலேயே செத்துடும். பெட்டிக்குக் கைப்பிடி வைக்கணும். வெள்ளம் வந்தா ஒருத்தர் தோள்ல தூக்கிக் கொண்டு பள்ளிவாசலுக்குப் போற பாரத்துக்கு மேல போகக் கூடாது. அஞ்சு போனுக்குப் பதிலா அம்பது போன் வரிசையில நிக்கிற நாள் அது. அப்ப ஃபேனும் இல்ல, அலங்கார வெளக்கும் இல்ல, போனும் ரெண்டு மூணு வெளக்கும் மட்டும்தான்.

காத்தாடி ஆசை தீராத தம்பிமாருக்கு இன்னொண்டு. வாங்காதீங்க, செய்ங்க. காந்தமும் செப்புக்கம்பியும் தேடி, வெல்டிங் பட்டறைக்கார காக்கா ஒருத்தரைப் பிடிச்சு, சிறகை மரத்தில செதுக்கி ஒண்டை நீங்களே நிறுத்துங்க. சார்ஜ் ஏறுதோ இல்லையோ, சுருளில ஏன் கரண்ட் வருது எண்டு புத்தகத்தில படிச்சது அப்பதான் கையில பிடிபடும். அதுக்கு நாங்களும் வாறோம்.

அதுக்கு முதல்ல காத்தை அளக்கணும். அம்பாறைக் கரையில 10 மீற்றர் உயரத்தில மாசத்துக்கு மாசம் காத்து எப்படி எண்டு ஊர் இளைஞர்கள் கையில ஒரு குறிப்பும் இல்லாமத்தான் இவ்வளவு வாதமும் நடந்துது. காத்தின் வேகத்தை அளக்கிற கிண்ணமானியும் அதைப் பதியிற சின்னக் கருவியும் காத்தாடியை விட மலிவு. ஒலுவில்ல தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின்ட பொறியியல் பீடம் இருக்கு, அங்க படிக்கிறவங்க எங்கட வாசகர்கள்லயும் இருக்கீங்க. ஒரு கச்சானும் ஒரு மாரியும் முழுசா அளந்து எழுத விருப்பமான மூணு பேர் வந்தாப் போதும். கம்பம் நிறுத்தக் கூரை தர ஒரு வீட்டுக்காரர் சம்மதிச்சிருக்கார். வீடு கடலில இருந்து ரெண்டாவது ஒழுங்கையில இருக்கு, பக்கத்தில ரெண்டு தென்னை நிக்குது. அதுக்கு மேல கம்பத்தை எவ்வளவு உயர்த்தலாம் எண்டுதான் இப்ப வாதம் போகுது.